பாட்டனி படிச்சா பணம் காய்க்குமா?

கல்யாண மார்க்கெட்டில் பி.எஸ்ஸி., பாட்டனிக்கு என்ன மரியாதை என்று எனக்கு நன்றாகவே தெரியும். நானே அந்தச் சரக்குதான்! பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளை என்ன படிச்சிருக்கார்?" என்றார் பெண்ணின் பெரியப்பா. "பாட்டனி" என்றேன். உடனே கொல்லைப்புறம் அழைத்துப்போய்க் காய்க்காத முருங்கையைக் காட்டி, "இதுக்கு ஒரு வழி சொல்லுங்கோ" என்றார். கல்யாணம் நடந்துவிட்டது. முருங்கை இன்னும் காய்க்கவில்லை.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், எங்கள் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரின் பையன் ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். அரசுக் கல்லூரியில் பாட்டனி சீட் கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கோ பி.எஃப்.பில் கை வைத்தாவது மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினீயரிங் சேர்த்துவிட ஆசை. "நீங்க படிச்சவராச்சே, கணக்குப் போட்டுச் சொல்லுங்க சார்" என்று லஞ்ச் டயத்தில் பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டார்.

போட்டேன்.

அரசுக் கல்லூரி ஃபீஸ் ஒரு செலவே இல்லை. உண்மையான செலவு வேறு. அந்த மூன்று வருஷம் பையன் எங்காவது வேலைக்குப் போனால் மாசம் 12,000 ரூபாய் வாங்குவான் என்று வைத்துக்கொள்வோம். 36 மாசத்துக்கு 4,32,000 ரூபாய். பாட்டனியின் நிஜமான விலை இதுதான். இன்ஜினீயரிங்குக்கும் இந்த நஷ்டம் உண்டு. அங்கே நாலு வருஷம், ஃபீஸும் வட்டியும் தனி!

சரி, வரவு? வெறும் பி.எஸ்ஸி.யோடு நிறுத்தினால், அது ஒரு 'ஏதாவது ஒரு டிகிரி'. குரூப் 2, பாங்க் கிளார்க் என்று டிகிரி கேட்கும் பரீட்சைகளுக்கு அது ஒரு நுழைவுச் சீட்டு. அங்கே வரலாறு படித்தவனுக்கும் வேர் படித்தவனுக்கும் ஒரே ரேட். நான் உள்ளே வந்தது அப்படித்தான். இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மேனேஜர்கூட என்னிடம் பெரணியைப் பற்றிக் கேட்டதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். "செடி கொடிதானே, அக்ரி ஆபீஸர் ஆயிடலாம்" என்று ஊரில் நாலு பேர் சொல்வார்கள். ஆக முடியாது சார்! பாங்குகளில் விவசாய அதிகாரி வேலைக்கு விவசாயம், தோட்டக்கலை மாதிரி நாலு வருஷப் படிப்பு கேட்கிறார்கள். மூன்று வருஷப் பாட்டனிக்கு அந்தக் கதவு திறக்காது. கோயமுத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவன் அதற்குப் பதிலாகப் பாட்டனி எடுப்பது, பஸ்ஸைத் தவறவிட்டவன் படகில் ஏறுவது மாதிரி. போய்ச் சேருகிற ஊரே வேறு.

வாத்தியார் வேலை நிச்சயம் உண்டு. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் பாட்டனி எடுக்க எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் வேண்டும். மூன்றும் இரண்டும் இரண்டும் ஏழு வருஷம். அதற்குமேல் போட்டித் தேர்வு. தேறினால் அரசுப் பள்ளியில் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,900 ரூபாய். பஞ்சப்படி தனி. மோசமில்லை.

பையனுக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் மட்டும் அடுத்த கணக்கு. எம்.எஸ்ஸி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர். நெட் பரீட்சையில் ஜே.ஆர்.எஃப். வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து மாசம் 37,000. இரண்டு வருஷம் கழித்து 42,000. ஐந்து வருஷம் ஆராய்ச்சி செய்தால் மொத்தம் 24 லட்சம்! படிக்கிறதுக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பரீட்சையில் பாட்டனி என்று தனிப் பாடமே கிடையாது. 'லைஃப் சயன்ஸஸ்' என்ற ஒரே பந்தியில் விலங்கியல்காரன், பயோடெக்காரன், மைக்ரோபயாலஜிக்காரன் எல்லோரும் உட்கார்ந்திருப்பான். ஹெர்பேரியம் ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. மரபணுவும் புரதமும் தலைகீழாகத் தெரிய வேண்டும்.

இந்திய வனப் பணித் தேர்வும் உண்டு. அதை எழுத பாட்டனி டிகிரி போதும். ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100. இன்ஜினீயர்களும் அதே பரீட்சைக்கு வந்து நிற்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இடையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஞாபகம் வந்தது. ஐ.பி.எஸ்.ஸுக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு, பயிர் ஆராய்ச்சிக்காக நெதர்லாந்து போனவர். 2024-இல் பாரத ரத்னா கொடுத்தார்கள், அவர் காலமான பிறகு. ஐ.பி.எஸ்.ஸை விட்டபோது வீட்டில் என்ன பேசியிருப்பார்கள்! பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவருக்கென்ன சார், மேதை. நம்ம பய தொட்டிச் செடிக்கே தண்ணி ஊத்த மாட்டான்" என்றார். நியாயம்தான்.

என் தீர்ப்பு இது: எம்.எஸ்ஸி. வரை போகிற எண்ணமிருந்தால் பாட்டனி லாபம். இல்லாவிட்டால் சாதா டிகிரி; ஆனால் கடனில்லாத டிகிரி. வேலை வாங்கித் தருமா என்று தெரியாத காலேஜுக்கு பி.எஃப்.பைக் கொட்டுவதைவிட, முதல் வருஷத்திலேயே குரூப் பரீட்சைப் புத்தகத்தை வாங்கிக் கொடுப்பது மேல்.

மறுநாள் பையனையே ஆபீஸுக்கு வரவழைத்தார். பேப்பரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், 24 லட்சத்துல டாக்ஸ் பிடிப்பாங்களா?" என்றான்.

கல்லூரியில் சேர்ந்துவிட்டான். அவன் அப்பா பூர்த்தி செய்த பி.எஃப். விண்ணப்பம் மட்டும் இன்னும் டிராயரிலேயே கிடக்கிறது. கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை.