பேசியதும் பேசாததும்: நார்ட்டன் சொற்பொழிவுகள் பற்றிச் சில குறிப்புகள்

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் பழைய ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயசான ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். மெல்லிய குரல். நடுநடுவே தயங்குகிறார், யோசிக்கிறார், அப்புறம் ஒரு கவிதையை மனப்பாடமாகச் சொல்கிறார். பேசுகிறவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ். இடம் ஹார்வர்டு பல்கலைக்கழகம். வருஷம் 1967.

அப்போது அவருக்கு 68 வயது. பார்வை கிட்டத்தட்ட போய்விட்டிருந்தது. கையில் குறிப்பு எதுவும் கிடையாது. இருந்தாலும் அவரால் படித்திருக்க முடியாது. ஆறு சொற்பொழிவுகளையும் நினைவிலிருந்தே பேசியிருக்கிறார். இது நார்ட்டன் சொற்பொழிவு வரிசையில் வந்தது என்று தெரிந்ததும், அந்த வரிசையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

அது என்ன நார்ட்டன்?

சார்லஸ் எலியட் நார்ட்டன் ஹார்வர்டில் கலை வரலாறு சொல்லிக்கொடுத்த பேராசிரியர். தாந்தேயை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவர் பெயரில் 1925இல் ஒரு கௌரவப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். பொருள் "கவிதை". ஆனால் அந்தச் சொல்லை ரொம்ப விரிவாக எடுத்துக்கொண்டார்கள். இசை, ஓவியம், சிற்பம், கட்டடக்கலை எல்லாமே அதற்குள் அடக்கம். வருகிறவர் வழக்கமாக ஆறு சொற்பொழிவுகள் தரவேண்டும். பிறகு அது பெரும்பாலும் புத்தகமாக வரும்.

வந்தவர்களின் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. டி. எஸ். எலியட், ஆக்டேவியோ பாஸ், உம்பர்த்தோ எக்கோ, ஒர்ஹான் பாமுக், டோனி மாரிசன். இசை பக்கம் ஸ்ட்ராவின்ஸ்கி, ஜான் கேஜ்.

ஆனால் என்னை இழுத்தது பட்டியல் இல்லை. பேசி முடித்த பிறகு அந்தப் பேச்சுக்கெல்லாம் என்ன ஆச்சு என்பதுதான்.

மூன்று பேர், மூன்று கதை

முதலில் ராபர்ட் ஃப்ராஸ்ட். 1936இல் வந்தார். அமெரிக்காவே கொண்டாடிய கவிஞர், கேட்க வந்த கூட்டமும் பெரிசு. ஆறு பேச்சும் நடந்தன. ஆனால் பதிப்பகம் காத்திருந்தும் அவர் கடைசிவரை கைப்பிரதி கொடுக்கவே இல்லை. அதனால் புத்தகம் இல்லை. அன்று அரங்கில் இருந்தவர்களோடு அந்தப் பேச்சு போயே போச்சு.

இரண்டாவது போர்ஹெஸ். அவர் பேசியதை ஒலிநாடாவில் பதிவு செய்திருந்தார்கள். ஆனால் எழுத்தில் கொண்டுவரவில்லை. நாடாக்கள் நூலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சும்மா கிடந்தன. போர்ஹெஸ் 1986இல் இறந்துபோனார். யாரோ நாடாக்களைக் கண்டெடுத்து, கேட்டு எழுதி, 2000இல் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். உவமைகள் பற்றி அதில் அவர் சொல்வதைப் பாருங்கள். உலகத்தில் உவமைகள் கணக்கில்லாமல் இருப்பது போலத் தோன்றினாலும், பெரும்பாலானவற்றைத் தேடிப்போனால் சில அடிப்படை ஜோடிகளுக்குள் அடங்கிவிடும் என்கிறார். கண்ணும் நட்சத்திரமும், காலமும் ஆறும், பெண்ணும் பூவும், வாழ்க்கையும் கனவும், சாவும் தூக்கமும். ஒவ்வொரு கவிஞரும் அதே ஜோடியைப் புதுசாகச் சொல்கிறார், அவ்வளவுதான். நாடாவைத் தூக்கிப் போட்டிருந்தால் இதெல்லாம் நமக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாவது கதைதான் விசேஷம். இத்தாலிய எழுத்தாளர் இடாலோ கால்வினோ 1985–86க்கு அழைக்கப்பட்டார். அடுத்த ஆயிரமாண்டுக்கு இலக்கியம் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று ஆறு குணங்களைத் தேர்ந்தெடுத்தார். எடையின்மை, வேகம், துல்லியம், காட்சித்தன்மை, பன்முகத்தன்மை என்று ஐந்தை எழுதி முடித்தாயிற்று. ஆறாவதை அமெரிக்கா போய் எழுதலாம் என்றிருந்தார். புறப்படுவதற்கு முன் மூளையில் ரத்தக்கசிவு. 1985 செப்டம்பர் 19 அன்று இறந்துபோனார். தட்டச்சுப் பிரதி மேஜைமேல் ஒழுங்காக, பெட்டியில் வைக்கத் தயாராக இருந்ததாக அவர் மனைவி எழுதியிருக்கிறார். 1988இல் புத்தகம் வந்தது. ஒரு வார்த்தைகூட மேடையில் பேசப்படாத சொற்பொழிவு. ஆனால் நார்ட்டன் வரிசையில் உலகம் முழுக்க அதிகம் பேசப்படும் புத்தகங்களில் அதுவும் ஒன்று. பிற்பாடு அங்கே பேச வந்த எக்கோ, கால்வினோவை நினைவுகூர்ந்துதான் தன் பேச்சை ஆரம்பித்தார்.

ஆக, பேசியது காணாமல் போயிருக்கிறது. பேசாதது நிலைத்திருக்கிறது. பேச்சின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யாரோ ஒருவர் தாளையோ நாடாவையோ பத்திரமாக வைத்தாரா என்பதுதான் விஷயம்.

புத்தகம் மட்டும் போதுமா?

எல்லாமே எழுத்தில் அடங்கிவிடாது. ஸ்ட்ராவின்ஸ்கி 1939–40இல் அமெரிக்க மாணவர்களுக்கு முன்னால் பிரெஞ்சில் பேசினார். எழுத உதவியவர்கள் வேறு ஆட்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு அவருடையது என்று இன்னும் விவாதம் நடக்கிறது. லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1973இல் பியானோ முன்னால் உட்கார்ந்து, சோம்ஸ்கியின் மொழியியலை வைத்து இசைக்கு இலக்கணம் சொல்ல முயன்றார். மொழியியல்காரர்களும் இசைக்காரர்களும் குறை சொன்னார்கள். சொல்லட்டும். படமெடுத்து வைத்ததால் இன்றும் பார்க்க முடிகிறது. ஒரு சுரத்தை வாசித்துக் காட்டிவிட்டு அவர் திரும்பிப் பார்க்கும்போது முகத்தில் தெரியும் சந்தோஷத்தை எந்தப் புத்தகமும் தராது.

இதைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரியில் அறக்கட்டளைச் சொற்பொழிவு கேட்கப் போனேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒப்பாரிப் பாடல்கள் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். நடுவில் பாடியும் காட்டினார். முப்பது பேர் இருந்திருப்போம். எல்லார் பையிலும் ஃபோன் இருந்தது. பொன்னாடை போர்த்தியதை நாலைந்து பேர் படம் எடுத்தார்கள். பேச்சை யாரும் பதிவு செய்யவில்லை. நானும்தான். அவர் இப்போது இல்லை.

அடுத்த தடவை இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனால், பேசுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஃபோனில் பதிவை ஓட விடுங்கள். தேதி, இடம், பேசியவர் பெயர் மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். முப்பது வருஷம் கழித்து யார் தேடி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்?