பழைய காசுக்கு இன்ஷூரன்ஸ் வருமா?

வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கே, நம்ம காசு கலெக்‌ஷனும் அதுல அடங்கிடும்னு நினைக்கிறவங்க பாலிசியில ‘எதெல்லாம் கிடையாது’ங்கிற பகுதியைப் படிங்க. 2021 ஏப்ரல்ல வந்த ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி, தீ, வெள்ளத்துல சேதமாகிற வீட்டுச் சாமான்களுக்குப் பணம் தரும். ஆனா நாணயமும் ரூபாய் நோட்டும் பாலிசியில தனியா எழுதியிருந்தாத்தான் உண்டு. இல்லேன்னா ஃப்ரிட்ஜுக்குப் பணம் வரும், சோழர் காசுக்கு வராது.

அதனால வாங்கும்போதே கேளுங்க: நாணயங்களைக் குறிப்பிட்டுச் சேர்ப்பீங்களா, இன்ன மதிப்புன்னு இப்பவே எழுதித் தருவீங்களா? மதிப்பு எழுதலைன்னா, வெள்ளம் வடிஞ்சப்புறம் ராஜராஜன் காசு என்ன விலைனு சர்வேயரோட மல்லுக்கட்டணும். பாவம், அவருக்கும் தெரியாது!

ஒவ்வொரு காசையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, எடையையும் பில்லையும் சேர்த்து உங்களுக்கே மெயில் பண்ணி வைங்க. 2015 சென்னை வெள்ளத்துல பீரோவோட சேர்ந்து உள்ள இருந்த பேப்பரும்தான் ஊறிப்போச்சு.