ஒலிப்பதிவுக்கு ஓர் அறை

பாட்காஸ்ட் என்னும் பெயரால் வழங்கும் வலையொலி, வானொலிக்குப் பேரப்பிள்ளை முறை ஆகும். வானொலிக்கு உயர்ந்த கம்பமும் பெரும் பொருளும் வேண்டும். 1924-ஆம் ஆண்டில் கிருஷ்ணசுவாமி செட்டியார் முதலானோர் சென்னையில் தொடங்கிய மாகாண வானொலிக் கழகம், பணமுடையால் 1927-இல் ஒலிபரப்பை நிறுத்த நேர்ந்தது. வலையொலிக்கு அத்துணைச் செலவு இல்லை. கைப்பேசியே பதிவுக் கருவி. அமைதியான ஓர் அறை இருந்தால் போதும். அந்த அறையைத் தேடித்தான் பலர் அலைகின்றனர்.

அந்தமானின் தலைநகரை எடுத்துக்கொள்வோம். 1858-இல் தண்டனைக் குடியேற்றமாக அமைந்து, போர்ட் பிளேர் என வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற ஊர் அது. அங்கே ஷாதிபூர் என்று ஒரு பகுதி உண்டு. ‘ஷாதி’ என்றால் திருமணம். மணம் புரிந்துகொள்ள அனுமதி பெற்ற கைதிகள் குடியமர்ந்த இடம் என்று அப்பெயருக்குக் காரணம் கூறுவர். 2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கப்பலேறி வந்த முதியோரின் தமிழில் அவரவர் ஊர் வழக்கு இன்னும் மணக்கிறது. தீவிலே பிறந்த பேரன் பேத்தியர் வீதியில் இந்தி பேசுகின்றனர். பாட்டியின் பேச்சைப் பதிந்து வைக்க இன்னும் பத்து ஆண்டு காத்திருக்கலாம் என்று எவரும் உறுதி கூற இயலாது. வாடகைக் கூடத்துக்குப் பணம் சேரும்வரை பொறுப்பது உசிதமன்று. வீட்டிலேயே வழி காண வேண்டும்.

இங்கே இரண்டு தொல்லைகளைப் பிரித்தறிதல் முதற்கண் அவசியம். ஒன்று, வெளியிலிருந்து புகும் இரைச்சல். மற்றொன்று, அறைக்குள்ளேயே எழும் எதிரொலி. போர்வையைச் சன்னலில் தொங்கவிட்டால் ஆட்டோவின் ஓசை நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். நிற்காது. வெளி ஓசையைத் தடுப்பது கனமும் காற்றுப் புகா அடைப்புமே. கனத்த செங்கற்சுவர் ஓரளவு தடுக்கும். பலகைச் சுவரும் தகரக் கூரையும் தடுக்கமாட்டா. ஆகவே வெளி ஓசைக்கு மருந்து காலத்தைத் தெரிந்தெடுப்பதுதான்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் தகரக் கூரையின்கீழ் மழைநாளில் பதிவு செய்ய முயல்வது வீண். தென்மேற்குப் பருவம் மே மாதம் தொடங்கும். வடகிழக்குப் பருவம் அதனைத் தொடரும். சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள மாதங்களே நமக்கு உகந்தவை. நாளிலும் பொழுது பார்க்க வேண்டும். நாடெங்கும் ஒரே கடிகாரம் ஆதலால் தீவில் கதிரவன் முந்தி எழுகிறான். அவனோடு சேவலும் காக்கையும் எழுகின்றன. விடியற்காலை அமைதியாயிருக்கும் என்பது சென்னைக் கணக்கு. அங்கே அது பலிக்காது. இரவு ஒன்பது மணிக்குமேல் பதிவது நலம். முதியவருக்கு அவ்வேளை ஒவ்வாதெனில், வீதி ஓய்ந்திருக்கும் நண்பகலைத் தேர்ந்துகொள்ளலாம்.

இனி எதிரொலி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895-இல் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேச்சே விளங்கவில்லை. ஓர் ஓசை எழுந்தால் அது அடங்க 5 விநாடிக்கு மேலாயிற்று. காரணம் காணும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் அயலிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வரச் செய்து, கூடத்தில் பரப்பிப் பரப்பி அளந்து பார்த்தார். தெரு இரைச்சலுக்கு அஞ்சி நள்ளிரவுக்குப் பின்னரே அளந்தார் என்பது நமக்கு இன்னும் இனிய செய்தி. மெத்தைகள் பெருகப் பெருக முழக்கம் குறைந்து ஏறத்தாழ 1 விநாடியில் வந்து நின்றது. அறை பெரிதாயின் முழக்கம் நீளும். துணியும் பஞ்சும் மிகுந்தால் அது குறுகும். கட்டட ஒலியியல் என்னும் துறை அம்மெத்தைகளிலிருந்து பிறந்தது.

ஆதலின் வெறுமையான சங்கக் கட்டடமோ பள்ளிக் கூடமோ இலவசமாகக் கிடைத்தாலும் மகிழ வேண்டுவதில்லை. கேட்பதற்கு அமைதியாயிருக்கும், பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பதியும். புடவைகள் தொங்கும் கொடியும், சுருட்டி வைத்த பாய்படுக்கையும் நிறைந்த சிற்றறை அதனினும் மேல். இலவம்பஞ்சு மெத்தையைப் பேசுபவரின் முதுகுப்புறச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். மெல்லிய துணி கீச்சொலியை மட்டுமே விழுங்கும். ஆண்குரலின் தாழ்ந்த கார்வையை அடக்கத் தடித்த மெத்தை வேண்டும். இரும்புப் பீரோ எதிரே இருந்தால் அதன்மேல் ஒரு ஜமக்காளம் போர்த்துக. நிறுத்தி வைத்த மோட்டார் காரும் நல்ல பதிவறை என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மெத்தை இருக்கையும் இறுகிய கதவும் வேறெங்கே ஒருங்கே கிடைக்கும்? 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டை இசைத்தட்டில் பதிந்தவர்கள்கூட ஓர் ஓட்டல் அறையில்தான் கருவிகளைப் பரப்பினர்.

அறை அமைந்தபின் ஒருமுறை கைதட்டிக் கேளுங்கள். ‘கணீர்’ என்று வால் நீண்டால் இன்னும் துணி வேண்டும். மின்விசிறியையும் குளிர்ப்பெட்டியையும் நிறுத்திவிட்டு, எவரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்து, காதொலிப்பானில் கேட்டால் ஒளிந்திருந்த ஓசைகளெல்லாம் வெளிப்படும். கருவி வாய்க்கு ஒரு சாண் தொலைவில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். தொலைவு இருமடங்கானால் நேரே வரும் குரலின் ஆற்றல் நான்கில் ஒன்றாகும். அறையின் முழக்கமோ குறையாது. விலையுயர்ந்த கருவியை எட்ட வைப்பதினும் எளிய கருவியைக் கிட்ட வைப்பது சிறந்தது. விசிறியின்றிப் புழுங்குமாதலால் முதியோரை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுப்பித் தண்ணீர் கொடுங்கள்.

பதிவின் தொடக்கத்தில் பேசுபவர் பெயர், பிறந்த ஊர், நாள் ஆகியவற்றை அவர் குரலிலேயே சொல்லச் செய்க. வெளியிடுவதற்கு அவர் இசைவையும் கேட்டுப் பதிக. செயற்கைக்கோளை மட்டும் நம்பியிருந்த தீவுக்கு 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி வடம் வந்துவிட்டமையால், பதிவை அனுப்புவது முன்போல் அரிதன்று. ஒரு படியைத் தீவில் வைத்து, மற்றொன்றைத் தமிழகத்திலுள்ள உறவினர் எவரிடமேனும் அன்றிரவே அனுப்பிவிடலாம்.