ஒகேனக்கல்லும் ஆற்றங்கரைப் பாசறையும்

நாடு காண்டலும் கல்வியின் ஒரு கூறேயாம். ஏட்டிற் காவிரியைப் பயின்றவன் அதன் கரையில் ஒரு நாள் நடந்தபின் மீண்டும் அவ்வேட்டைத் திறப்பானாயின், முன்பு படித்த சொற்களே புதுப்பொருள் தந்து விளங்குதலைக் காண்பான். இக்கருத்தினால் உந்தப்பெற்றுத் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவராகிய யாம் அறுவர், ஆசிரியர் ஒருவர் துணையுடன், சென்ற ஆடித் திங்களின் முதல் வாரத்தில் தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கல்லுக்குச் சென்றோம். ஆற்றோரமாக நடந்து, மணல் மேட்டிற் கூடாரமடித்து, இரண்டிரவு தங்கி மீள்வது எம் எண்ணம். அவ்வெண்ணத்திற் பாதியே நிறைவேறிற்று. நிறைவேறாத பாதியினால் யாம் கற்றதே மிகுதி. அதனை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தருமபுரி என இன்று வழங்கும் ஊர் பண்டைத் தகடூராகும். ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த அதியமான் நெடுமான் அஞ்சி அரசிருந்த இடம் அதுவே. அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவினது. பென்னாகரம் கடந்தபின் சாலை காட்டினூடே வளைந்து வளைந்து கீழிறங்குகின்றது. வறண்ட மேட்டுநிலத்தின் வெம்மை மெல்ல மாறிக் காற்றிற் குளிர்ச்சி புகும்போதே ஆறு அண்மையில் உளதென்பதை அறிந்தோம்.

ஊர்ப்பெயரே தமிழ் மாணவர்க்கு ஒரு பாடமாகும். கன்னடத்தில் 'ஹொகெ' என்பது புகை; 'கல்' என்பது பாறை. அருவி பாறையில் மோதி எழுப்பும் நீர்த்திவலைகள் தொலைவிலிருந்து காண்பார்க்குப் புகைபோலத் தோன்றுதலின் இப்பெயர் வந்தது. 'ஹொகெ' என்பதும் நம் 'புகை' என்பதும் ஒரு வேர்ச்சொல்லே. சொன்முதற் பகரம் கன்னடத்திற் பிற்காலத்தே ஹகரமாகத் திரிந்தது. நம் பால் அங்கே ஹாலு. நம் புலி ஹுலி. நம் பத்து ஹத்து. ஆறு இரு மாநிலங்களுக்கு எல்லையாக ஓடுகின்றது. அதன் கரையிலுள்ள ஊர்ப்பெயரோ இரு மொழிகளின் உறவைக் காட்டிநிற்கின்றது.

குடகிலே தலைக்காவிரியிற் பிறக்கும் ஆறு பிலிகுண்டுலு என்னுமிடத்தைக் கடந்து ஒகேனக்கல்லை அடைகின்றது. சின்னாறு இங்கே வந்து கலக்கின்றது. பாறைகளாற் பல கிளைகளாகப் பிரிவுற்ற பேராறு, அருவிகளாக வீழ்ந்து, செங்குத்தான கற்சுவர்களின் இடையே ஒடுங்கி ஓடுகின்றது. அவ்விடுக்கிற் செல்லுதற்கு ஏற்ற கலம் பரிசலே. மூங்கிற் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்திற் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் போர்த்து இதனைச் செய்வர். இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆதலின் எத்திசையிலும் திருப்பலாம். அடி தட்டையாதலின் ஆழமற்ற நீரிலும் பாறை தட்டாமல் மிதக்கும். ஒற்றைத் துடுப்பினாற் பரிசற்காரர் அதனைச் சுழற்றியபோது, மலைகளெல்லாம் எம்மைச் சுற்றி ஓடுவனபோல் தோன்றின.

மாலையில், தங்குதற்கென வெண்மணல் மேடொன்றைத் தெரிந்து, மூட்டைகளை இறக்கினோம். அப்போது வனக்காவலர் ஒருவர் வந்து, அங்கே இராத்தங்கலாகாது என்றார். வானில் ஒரு மேகமும் இல்லை. நீரோ முழங்காலளவே ஓடிற்று. யாம் வாதாடினோம். அவர் சினவாமல், "தம்பிகளே, நீங்கள் உங்கள் தலைக்குமேல் மேகம் உண்டா என்று பார்க்கிறீர்கள். ஆறு குடகு மலைமேல் மேகம் உண்டா என்று பார்க்கிறது" என்றார். ஆசிரியர் மறுமொழி கூறாது மூட்டையை எடுத்துத் தோளிலிட்டார். யாமும் முணுமுணுத்துக்கொண்டே ஊரினுள் ஒரு விடுதியை நாடினோம்.

பொழுது விடிந்ததும் கரைக்கு ஓடினோம். மணல் மேட்டைக் காணவில்லை. முன்னாள் மாலை அதன் நடுவே நின்ற புதரின் தலை மாத்திரம் செந்நீரில் ஆடிக்கொண்டிருந்தது. எம்முள் ஒருவரும் நெடுநேரம் பேசவில்லை. பரிசல்களெல்லாம் கரையிற் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

இதன் காரணத்தைப் பின்னர் ஆராய்ந்தோம். தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்கின்றது. அந்நீர் கண்ணம்பாடியிலுள்ள கிருஷ்ணராஜ சாகரத்திலும் கபினி அணையிலும் நிறைகின்றது. அவை நிரம்பியபின் திறந்துவிடப்படும் நீர் ஓரிரு நாளில் ஒகேனக்கல்லை வந்தடைகின்றது. ஆதலின் இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வருதல் இயல்பு. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் நீரளவைக் கணக்கிடுகின்றது. செய்தித்தாள்கள் 'விநாடிக்கு இத்தனை கன அடி' எனக் கூறுவது இவ்வளவையே. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். எனவே 10,000 கன அடி என்றால், ஒரு விநாடிக்குள் இரண்டு இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட நீர் நம்மைக் கடந்து செல்கின்றது என்பது பொருள். 2024ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் நீர்வரத்து ஒரு இலட்சம் கன அடியையும் விஞ்சிற்று. மேட்டூர் அணை அம்மாதம் 30ஆம் நாள் தன் முழு அளவாகிய 120 அடியை எட்டியது.

நீரேயன்றி வேறு காரணங்களும் உள. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆற்றோரக் காடுகளிற் பெரும்பகுதி 2014இல் காவிரி வடக்கு வனவுயிர்ச் சரணாலயமாகவும், 2022இல் காவிரி தெற்கு வனவுயிர்ச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பெற்றன. யானைகள் அந்தியிலும் இரவிலும் நீருண்ண இறங்குகின்றன. மணல் மேடுகளில் முதலைகள் வெயில் காய்கின்றன. நீர்நாய்கள் மடுக்களில் மீன்பிடிக்கின்றன. கரையோரத்து நீர்மருத மரங்களில் சாம்பல்நிற மலையணில் கூடு கட்டுகின்றது. யாம் பாசறை என்று தெரிந்த இடம் அவற்றின் வழியும் வாயிலுமாக இருந்தது. தீயும் ஓர் அச்சமே. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்றோர் பலரைக் கொன்றது. அதன்பின் அவ்வாண்டிலேயே தமிழக அரசு மலையேற்ற விதிகளை வகுத்தது. 2024இல் வனத்துறை வழிகாட்டியுடன் செல்லத்தக்க 40 மலைவழிகள் அறிவிக்கப்பெற்றன.

அடுத்த நாள் அனுமதி பெற்று, வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, கரைக்கு உயரே நடந்தோம். அவரிடம் கற்றவை சில. புறப்படுமுன் அன்றைய நீர்வரத்தைக் கேட்டறிதல் வேண்டும். யானையிலண்டம் புதிதாயின் வந்த வழியே திரும்புதல் வேண்டும். உரத்துப் பேசுதலும் நறுமணத் தைலம் பூசுதலும் தகா. நீர் ஏறுகையில் முதலில் தெளிவு கெடும். பின்னர்ச் சருகும் சுள்ளியும் மிதந்து வரும். அவற்றைக் கண்டவுடன் மேட்டை நாடுதல் வேண்டும். கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும்.

இறுதியாகச் சொன்னதன் உண்மையைப் பென்னாகரத்தில் உணர்ந்தோம். இப்பகுதியின் நிலத்தடி நீரில், பாறைகளிலிருந்து கரையும் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சிய நீரை நெடுநாள் பருகுவோர்க்குப் பற்கள் பழுப்புறும். அளவு மிக மிக எலும்புகளும் வளையும். இதனை நீக்கும்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கப்பெற்று 2013இல் நிறைவேறியது. யாம் தேநீர் பருகிய கடையில், கடைக்காரரின் பற்கள் கறைபட்டிருந்தன. அவர்தம் சிறுமகளின் பற்களோ முல்லையரும்பு போல் வெண்மையாயிருந்தன. யாம் கரையில் எறிந்துவிட்டு வர எண்ணிய உணவுப் பொட்டலங்கள் எம் நினைவுக்கு வந்தன. அக்குழந்தை குடிக்கும் நீரல்லவா அது!

நண்பர்களே, காவிரியைக் காணச் செல்லுங்கள், நடந்து செல்லுங்கள். ஆனால் கரையிலுள்ளவர் ஒருவர் 'வேண்டாம்' என்று கூறுவாராயின் வாதாடாதீர்கள். யாம் எழுவரும் இன்று இதழுக்குக் கட்டுரை எழுதவும் படிக்கவும் இருப்பது, பெயரும் கேளாது விட்டுவந்த அவ்வனக்காவலரின் ஒரு சொல்லால் என்க.