இழப்பீடு கேட்பது பாவமா?

கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்தில் ஞாயிறு திருப்பலி முடிந்து, வெள்ளவத்தைக்குத் திரும்புவதற்காக ஒழுங்கைக்கு வந்தோம். அங்கே நிறுத்தியிருந்த எமது காரின் பின்கதவு உட்குழிந்து கிடந்தது. அருகில் ஒரு சிறிய லொறி; அதன் பம்பரில் எமது காரின் பச்சை வர்ணம். சாரதியோ, "நான் இடிக்கவில்லை. வேண்டுமானால் பொலிஸுக்குப் போங்கள்" என்றார். பெயரும் சொல்லவில்லை, காப்புறுதிப் பத்திரத்தையும் காட்டவில்லை. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டனர். நற்கருணை உட்கொண்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எனது குரல் உயர்ந்துவிட்டது.

"விடுங்கோ, பூசை கண்ட கையோடு சண்டை பிடிக்கப் போறீங்களோ?" என்றார் மனைவி.

அன்பார்ந்தவர்களே, நம்மில் பலர் இவ்விடத்தில்தான் தடுமாறுகிறோம். மன்னிப்பது என்றால் இழப்பை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புவதா? விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. ஒருவனது கால்நடை பிறர் வயலை மேய்ந்துவிட்டால், அவன் தன் வயலின் சிறந்த விளைச்சலிலிருந்து ஈடுசெய்ய வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. சக்கேயுவும் வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். அநீதியாக விளைந்த இழப்பை ஈடுசெய்வது நீதியின் கடமை என்றே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் கற்பிக்கிறது. ஆகவே கேட்பது பாவமன்று. உண்மையைச் சொன்னால், கொழும்புத் தமிழராகிய நாம் 'விட்டுவிடுவது' பெரும்பாலும் மன்னிப்பினால் அன்று. மொழி தெரியாமையும் பொலிஸ் நிலையப் படியேறத் தயங்கிய அந்த ஆண்டுகளின் பழக்கமுமே காரணம்.

எப்படிக் கேட்பது என்பதுதான் கடினம். தவறு செய்த சகோதரரிடம் முதலில் தனித்துப் பேசுமாறு மத்தேயு 18இல் ஆண்டவர் பணிக்கிறார். கூட்டத்தின் நடுவே எவர்தான் தவற்றை ஒப்புக்கொள்வார்? கைத்தொலைபேசியில் லொறியின் இலக்கத்தையும் சேதத்தையும் படமெடுத்தேன். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தேன். பின்னர் அவரை மதிலோரமாக அழைத்துச் சென்றேன். விபத்து நேர்ந்தால் பெயரையும் முகவரியையும் கொடுப்பது சாரதியின் சட்டக் கடமை என்பதை, இம்முறை தணிந்த குரலில், நினைவூட்டினேன்.

சற்று நேரம் நிலத்தைப் பார்த்து நின்றார். லொறி அவருடையதன்று; முதலாளி நாட்சம்பளத்தில் பிடிப்பார். பிறகு, "ஐயா, வளைவிலேயே காரை விட்டால் நான் எப்படித் திருப்புவது?" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். திருப்பலிக்குப் பிந்திவிடுவோம் என்ற அவசரத்தில், காரின் பின்புறம் வளைவில் நீட்டிக்கொண்டிருக்கும்படி நான்தான் நிறுத்தியிருந்தேன்.

மத்தேயு 5இல், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் நல்லுறவு ஏற்படுத்துமாறு இயேசு சொல்லும் பகுதியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். நமக்கு ஒருவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அல்லவே, அவருக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்றே அவர் சொல்கிறார்!

2007 ஜூன் 19 அன்று, புலம்பெயர்ந்தோர், பயணிப்போருக்கான திருப்பீட அவை வீதி மேய்ப்புப் பணி பற்றிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் சாரதிகளுக்கான பத்துக் கட்டளைகள் உள்ளன. வாகனம் அதிகாரத்தைக் காட்டும் கருவியாகக் கூடாது என்கிறது ஒன்று. தவறிழைத்த சாரதியையும் பாதிக்கப்பட்டவரையும் தகுந்த வேளையில் மன்னிப்பின் அனுபவத்துக்காக ஒன்றுசேர்க்கச் சொல்கிறது மற்றொன்று. உரோமையில் இதனை எழுதியவர்கள் எமது ஒழுங்கைகளைக் கண்டிருக்க மாட்டார்கள்தான்.

தனித்துப் பேசியும் பயனில்லையெனில், இலங்கையில் வழக்குக்கு முன் இன்னொரு வழியும் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் சிறு பிணக்குகளை இரு தரப்பினரையும் அமர்த்திப் பேசித் தீர்க்க முயல்கின்றன. எமக்கு அது தேவைப்படவில்லை. அவர் பெயரையும் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் எழுதித் தந்தார். காப்புறுதி போக எம் தலையில் விழுந்த தொகையில் பாதியை இரு தவணைகளில் தருவதாகச் சொன்னார். மறுபாதி வளைவில் நிறுத்திய எனக்கு. மன்னிப்பு மட்டும் அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன்; சற்றுச் சிரமத்துடன்தான்.

முதல் தவணை வந்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறு கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு, காரைத் தூரத்தில் நிறுத்திவிட்டுக் கோவிலுக்கு நடந்தோம்.