மந்திரவாதியின் வரவு

மாயாஜாலப் படங்களில் எனக்குப் பிரியம் உண்டென்று ஓர் இலக்கியக் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். அடுத்த நாற்காலிக்காரர் சற்றே விலகி அமர்வார். மாணவருக்கு யதார்த்தவாதம் போதிக்கும் ஆசிரியரோ, 'பாதாள பைரவி'யை எத்தனை முறை பார்த்தார் என்பதைத் தம் வீட்டாருக்கும் சொல்ல மாட்டார். நானும் அவ்வினத்தவனே. ஆயினும் இந்த ஒளிப்பு மட்டக்களப்பாருக்குச் சிறிதும் பொருந்தாது என்பேன்.

1951இல் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த அப்படத்தை இயக்கியவர் கே.வி. ரெட்டி. உஜ்ஜயினி இளவரசியை விரும்பும் கதாநாயகன் ஒரு தோட்டக்காரன் மகன். ஆனால் படம் சொந்தமாவது நேபாள மந்திரவாதியாக வரும் எஸ்.வி. ரங்காராவுக்கே. அவர் சும்மா நடந்து வருவதில்லை. கண்ணை உருட்டி, சொல்லுக்குச் சொல் நிறுத்தி, 'இன்னான் யான்' என உடம்பாலேயே அறிவித்துக்கொண்டு வருகிறார். இவ்வரவை நாம் வேறெங்கும் கண்டதில்லையா? படுவான்கரை ஊர்களில் விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்தில், கட்டியகாரன் கூறியபின், மத்தளமும் சல்லரியும் முழங்க அரசன் களரிக்கு வருவது இப்படித்தானே!

வாட்போரும் அவ்வாறே. கூத்தில் போர் தாளத்துக்கு நடக்கும். அடுத்த வெட்டு எங்கே விழும் என்பது களரியைச் சுற்றியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். இயற்கையாக இல்லையே என்று எவரும் எழுந்து போவதில்லை. 'குலேபகாவலி'யிலும் (1955) 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் (1956) எம்.ஜி. இராமச்சந்திரனின் வாள் (கண்டியிற் பிறந்தவர் என்பதற்காகச் சொல்லவில்லை!) அந்த உடன்பாட்டின் மேல்தான் சுழல்கிறது. 1958இல் வந்த ஆங்கில சிந்துபாத் படத்தில் ரே ஹரிஹவுசன் ஓர் எலும்புக்கூட்டுப் பொம்மையை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்து வாள் வீச வைத்தார். தந்திரம் தெரிகிறது, இன்பம் குறையவில்லை. கரப்புடுப்புக்குள் இருப்பவர் நேற்று வயலில் நின்றவர் என்று தெரிந்தும் அவரை நாம் தருமராகக் காண்பதில்லையா?

விருந்தாளியைப் பாயோடு ஒட்டவைக்கும் மந்திரக்காரர் என்று வெளியூரார் நம்மைப் பற்றிக் கதை கட்டியிருக்கிறார்கள். அப்பெயர் பெற்ற ஊரவர் திரையிலுள்ள மந்திரவாதியைக் கண்டு நாணுவது வேடிக்கைதான்.

கூத்தையும் ஒரு காலத்திற் படித்தவர்கள் பாமரர் பொழுதுபோக்கென ஒதுக்கினார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியதோடு அவர்களின் பார்வை மாறத் தொடங்கியது. இன்று கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கூத்து ஒரு பாடம். அதற்கு முன்னரும் அதே ஆட்டத்தைத்தான் நம் அண்ணாவிமார் பழக்கினார்கள்.

எல்லா மாயப் படமும் நல்ல படம் என்பதன்று என் வாதம். பல, அட்டைக் குகையும் புகையும் மட்டுமே. 'பாதாள பைரவி'யிலும் குறை உண்டு. மந்திரவாதிக்கு அத்தனை மிடுக்கைக் கொடுத்தவர்கள் இளவரசிக்குக் கவர்ந்து செல்லப்படுவதைத் தவிரப் பெரிய வேலை ஒன்றும் வைக்கவில்லை. இதை நம் விமரிசகர் எவரும் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. பேசினால், படம் பார்த்தது தெரிந்துவிடுமே!