மேயரிடம் சங்கிலி, சாவி யாரிடம்?

சென்னையில் ஒரு தெருவில் மழைநீர் தேங்கி நிற்கிறது. வடிகால் மாநகராட்சியுடையது. பக்கத்திலேயே பொங்கி வழியும் கழிவுநீர் மேன்ஹோல் குடிநீர் வாரியத்துடையது. தெருமுனையில் வந்து சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கலாம். தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கூவமும் அடையாறும் நீர்வளத் துறையின் பொறுப்பு. நடுவில் பள்ளம் தோண்டி அரைகுறையாக மூடிவிட்டுப் போனது யார் என்பது தோண்டியவருக்கே வெளிச்சம். ஆனால் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்று ஏச்சு வாங்குபவர் ஒரே ஒருவர்தான், வார்டு கவுன்சிலர்.

அப்படி 200 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சி இது. இவர்கள் ரிப்பன் மாளிகையில் கூடும்போது மேயரை விளித்துத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பிறகு எரியாத தெருவிளக்கு, நாய்த்தொல்லை, பூட்டிக் கிடக்கும் கழிப்பறை என்று பட்டியல் நீளும். நடவடிக்கை எடுக்கப்படும் என்று மேயர் பதில் சொல்வார். எடுக்க வேண்டியவர் ஆணையர்.

கதையின் முடிச்சு இங்கேதான். ஆணையர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. பொறியாளர், சுகாதார அலுவலர், மண்டல அலுவலர் என்று நிர்வாகம் முழுக்க அவருக்குக் கீழே. மன்றம் தீர்மானம் போடலாம், நிலைக்குழுக்கள் விவாதிக்கலாம். அந்தத் தீர்மானத்தையே ரத்து செய்யும் அதிகாரம் கோட்டையிடம், அதாவது மாநில அரசிடம், இருக்கிறது. மேயர் கழுத்தில் சங்கிலி மின்னுகிறது, சாவிக்கொத்து வேறொருவர் இடுப்பில்.

எப்போதும் இப்படித்தான் என்றால் அதுவும் இல்லை. 1939-இல் மேயரான சத்தியமூர்த்திக்கு ஓராண்டுதான் பதவிக்காலம். நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். 1940-இல் அடிக்கல், 1944-இல் திறப்பு. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ‘சத்தியமூர்த்தி சாகர்’ என்ற பெயர் மட்டும் நிற்கிறது. இன்றைய மேயருக்கு ஐந்தாண்டு கிடைக்கிறது. இருந்தும் ஒரு வீட்டுக்குக் குடிநீர் இணைப்புத் தருவது அவர் கையில் இல்லை. 1978-இல் தனி வாரியம் வந்து, குடிநீரும் கழிவுநீரும் அங்கே போய்விட்டன. கட்டட அனுமதியிலும் பெரியவை எல்லாம் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) வசம். 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சி அமைப்புகளுக்கு ஒப்படைக்கலாம் என்று பட்டியலிட்ட 18 பணிகளில் குடிநீரும் நகரத் திட்டமிடலும் இருக்கின்றன. பட்டியலில் இருக்கின்றன, அவ்வளவே.

இதில் எந்தக் கட்சியையும் தனியாகக் குறை சொல்ல முடியவில்லை. 1973-இல் மஸ்டர் ரோல் (ஊழியர் வருகைப் பதிவேடு) ஊழலைக் காரணம் காட்டி தி.மு.க. ஆட்சி மன்றத்தைக் கலைத்தது. அடுத்து வந்தவர்களும் தேர்தல் நடத்தவில்லை. 1996-இல் மு.க.ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் வரை 23 ஆண்டுகள் சென்னைக்கு மேயரே கிடையாது. 2001-இல் அவர் மீண்டும் வென்றார். மறு ஆண்டே, ஒருவர் மேயராகவும் எம்.எல்.ஏ.வாகவும் இருக்கக்கூடாது என்று அ.தி.மு.க. அரசு சட்டம் கொண்டுவந்தது. அவர் மேயர் பதவியை விட்டார். 2006-இல் கவுன்சிலர்கள் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், 2011-இல் மறுபடி மக்கள், 2022-இல் மறுபடி கவுன்சிலர்கள். ஆட்சிக்கு ஆட்சி விதி மாறுகிறது. நகரத்தையே வென்று வரும் ஒருவர் கோட்டைக்குப் போட்டியாக வளர்ந்துவிடுவார் என்ற பயம் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நடந்ததையும் மறந்துவிடக் கூடாது. தேர்தல் இல்லாததால் ஆணையரே தனி அலுவலர். கோப்பினை முன்வைப்பவரும் அவர், மன்றமாக இருந்து ஒப்புதல் தருபவரும் அவர். கொரோனாக் காலம் முழுவதும் இந்தப் பெருநகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லை.

வாரியங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீராணத்திலிருந்து தண்ணீர் கொண்டுவருவது மாநகராட்சி தனியாகச் செய்கிற வேலை அல்ல. ஆனால் அந்த வாரியத்தின் பகுதிப் பொறியாளர் மேயருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு என்ன தடை? மாநகராட்சி தன் கைக்குள் இருக்கும் பள்ளிகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நடத்தத்தானே செய்கிறது. 2013-இல் வந்த அம்மா உணவகத்திலும் பெயர் அன்றைய முதல்வருக்கு, அடுப்பும் செலவும் மாநகராட்சிக்கு. சுமக்க முடிகிறவர்களுக்கு முடிவெடுக்கவும் முடியும்.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற மன்றத்துக்கு ஐந்தாண்டுக் காலம். அடுத்த மாநகராட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவரிடம் விளக்கும் குப்பையும் மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள். மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும், ஆணையர் மேயருக்குக் கட்டுப்பட்டவர் என்ற சட்டத்தையும் உங்கள் கட்சி தருமா என்று கேளுங்கள்.